வேற்றுமண்ணிற் பந்துவீச்சு

விழா மலருக்குக் கட்டுரையொன்று தருமாறு சங்கத்தார் பணித்தபோது, கல்லூரியின் வரலாற்றையும் ஆசிரியப் பெருமக்களின் சிறப்பையும் எழுத என்னினும் தக்கார் பலர் உளர் என்பதால், நெடுங்காலமாக என் உள்ளத்திற் கிடந்த பொருளொன்றை எடுத்துக்கொண்டேன். ஓர் அணியிற் பெரும்புகழ் ஈட்டிய பந்துவீச்சாளன், வேறோர் அணிக்குச் சென்றதும் தளர்ந்து போவது ஏன் என்பதே அப்பொருள். விளையாட்டைப் பற்றிய சிறு வினாவாக இது தோன்றலாம். ஆயினும் தோட்டத்தையும் ஊரையும் விட்டுக் கல்வி தேடி வந்தவர்களும், கல்வி முடித்துத் திசைக்கொருவராய்ப் பிரிந்து சென்றவர்களுமாகிய நமக்கு, இது நம்மையே பற்றிய வினாவாகும்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பது நம்மவர் பழமொழி. புதிய அணியிற் சோர்வுறும் வீரனைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இப்பழமொழியே முதலில் எழுகின்றது. ஆனால் கூடம் உண்மையாகவே கோணலாயிருந்ததும் உண்டு. 1948ஆம் ஆண்டு மார்ச் மாதம், பிரட்மன் தலைமையில் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய அவுஸ்திரேலிய வீரர்கள் இடைவழியிற் கொழும்பில் இறங்கி, ஓவல் மைதானத்தில் ஓர் ஆட்டம் ஆடினர். அவர்களுடைய பந்துவீச்சாளர்களின் அளவு தவறிக்கொண்டே இருந்தது. ஐயுற்று அளந்து பார்த்தபோது, 22 கஜம் இருக்கவேண்டிய ஆடுகளம் 20 கஜமே இருந்தது தெரியவந்தது! உலகின் தலைசிறந்த கைகள் அவை. கை பிழைக்கவில்லை, நிலமே பிழைத்திருந்தது.

வள்ளுவப் பெருந்தகை இடனறிதலுக்கென்று தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். ஆழ்ந்த நீரில் வெல்லும் முதலை கரையேறினால் எளிய விலங்குகளுக்கும் தோற்கும் என்றும், நிலத்திலோடும் தேர் கடலிலோடாது என்றும் அவர் கூறிய உண்மைகள் அரசர்க்கு மட்டும் உரியனவல்ல. பந்துவீச்சாளனின் திறமையிற் பாதி அவன் விரலில் இருக்கின்றதென்றால், மீதிப் பாதி அவன் மிதிக்கும் மண்ணிலும், சூழும் காற்றிலும், கையிலுள்ள பந்தின் தையலிலும், எதிரே குந்தியிருக்கும் விக்கெட் காப்பாளனின் கண்ணிலும் இருக்கின்றது. இங்கிலாந்தில் டியூக்ஸ் பந்து, அவுஸ்திரேலியாவிற் கூக்கபரா, இந்தியாவில் எஸ்.ஜி. எனத் தேசந்தோறும் பந்து மாறுகின்றது. தையலின் தடிப்பு மாறினால் விரல் பிடிக்கும் பிடியும் மாறவேண்டியிருக்கின்றது.

இதனைத் தெளிவாகக் காட்டுவது, நமக்குப் பழக்கமில்லாத அமெரிக்கப் பேஸ்போல் ஆட்டமாகும். அங்கே பந்தெறிபவன், ஒன்பது சுற்று எறிந்தால் தன் பொறுப்பிற் சராசரியாக எத்தனை ஓட்டங்களைக் கொடுப்பான் என்று கணக்கிடுவர். எண் மூன்றளவில் இருந்தால் நல்ல வீரன்; ஐந்தைக் கடந்தால் வேலை போகும் நிலை. மைக் ஹம்ப்டன் என்பவர் 2000ஆம் ஆண்டில் நியூயோர்க் மெட்ஸ் அணிக்காக 3.14 என்ற எண்ணோடு விளங்கினார். கொலராடோ ரொக்கீஸ் அணியினர் எட்டு ஆண்டுகளுக்கு 121 மில்லியன் டொலர் கொடுத்து அவரை அழைத்துக்கொண்டனர். அடுத்த ஆண்டு அந்த எண் 5.41, அதற்கடுத்த ஆண்டு 6.15. அவ்வணியின் மைதானம் உள்ள டென்வர் நகரம் கடல்மட்டத்திலிருந்து 5,280 அடி உயரத்தில் உள்ளது. நமது நுவரெலியாவைவிடச் சற்றே தாழ்வு. அவ்வுயரத்திற் காற்று மெலிந்திருப்பதால், சுழலும் பந்து எதிர்பார்த்த அளவு வளைவதில்லை. அடிக்கப்பட்ட பந்தோ நெடுந்தூரம் பறக்கின்றது. 2003இல் அற்லாண்டா அணிக்கு மாறிய ஹம்ப்டன் 3.84க்கு மீண்டார்.

மண்ணும் காற்றும் மாத்திரமன்று, மனிதரும் காரணமாவர். சொனி கிரே என்ற வீரர் 2017இல் ஒக்லண்ட் அணியிலிருந்து நியூயோர்க் யாங்கீஸ் அணிக்கு மாற்றப்பட்டார். 2018இல் அவருடைய எண் 4.90. அதனைப் பிரித்துப் பார்த்தால் வியப்புண்டாகும்: வெளியூர் மைதானங்களில் 3.17, சொந்த மைதானத்திலோ 6.98. ஒரே ஆண்டு, ஒரே கை, ஒரே அணி! தாம் விரும்பாத ஒருவகைப் பந்தை மிகுதியாக எறியுமாறு வற்புறுத்தப்பட்டதாக அவர் பின்னர் கூறினார். 2019இற் சின்சினாட்டி அணியிற் சேர்ந்ததும் 2.87 என்ற எண்ணோடு அவ்வாண்டின் நட்சத்திர வீரர் குழுவிலும் இடம்பெற்றார். ஒருவனை அவனது கலைக்காகவே அழைத்து வந்துவிட்டு, வந்த மறுநாளே அக்கலையைத் திருத்தத் தொடங்கும் வழக்கம் விளையாட்டுக்கு மட்டும் உரியதன்று என்பதை அலுவலகங்களிற் பணியாற்றிய அன்பர்கள் அறிவர்.

இன்னுமொரு காரணம் உண்டு. அது கணக்கைச் சார்ந்தது. எந்த வீரனையும் அவனது மிகச் சிறந்த பருவம் முடிந்த கையோடுதான் பிறர் விலை பேசுகின்றனர். மிகச் சிறந்த பருவம் என்பது திறமையோடு நற்பேறும் கூடிய பருவம். அடுத்த ஆண்டில் திறமை அப்படியே இருக்க, நற்பேறு மாத்திரம் வழக்கமான அளவுக்குத் திரும்பினாலும், பார்ப்போர்க்கு அது வீழ்ச்சியாகவே தோன்றும். அவன் பழைய இடத்திலேயே இருந்திருப்பினும் அவ்வாறே நிகழ்ந்திருக்கும். இடம் மாறியதால் பழி இடமாற்றத்தின்மீது விழுகின்றது.

இனி நமது கண்டி மாநகருக்கே வருவோம். 1920ஆம் ஆண்டில் தேயிலைத் தோட்டத் தொழிலுக்காகத் தென்னிந்தியாவிலிருந்து வந்த ஒருவரின் பேரனாக, 1972இல் இங்கே பிறந்தவர் முத்தையா முரளிதரன். கட்டுகஸ்தோட்டைப் புனித அந்தோனியார் கல்லூரியில் மிதவேகப் பந்துவீச்சாளராயிருந்த அவரை, பதினான்காம் வயதிற் சுழற்பந்துக்கு மாற்றியவர் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ. 1990–91 பருவத்தில் இலங்கைப் பாடசாலை வீரர்களுட் சிறந்தவர் என்ற விருது அவருக்குக் கிடைத்தது. அதே புகழோடு 1991இல் இலங்கை வீரர்களுடன் இங்கிலாந்து சென்றார். அங்கே ஆடிய ஆட்டங்களில் அவர் வீழ்த்திய விக்கெட்டுகள் எத்தனை? ஒன்றேனும் இல்லை!

அன்றே அவரை ஒதுக்கியிருப்பின் கேட்பார் எவரும் இரார். மலைநாட்டுப் பாடசாலை ஆட்டத்துக்கு மட்டுமே ஏற்றவன் என்று சொல்லி முடித்திருக்கலாம். ஆயினும் மறு ஆண்டு அலன் போர்டரின் அவுஸ்திரேலிய அணி வந்தபோது, பயிற்சியாட்டமொன்றில் அவரது பந்து சுழன்ற விதத்தைக் கண்டோர், விக்கெட் கணக்கை நோக்காது பந்தை நோக்கினர். 1992 ஆகஸ்ட் 28இல் கெத்தாராமவில் அவர் முதல் டெஸ்ட் ஆட்டத்தில் இறங்கினார். அவ்வாட்டத்தில் 141 ஓட்டங்களுக்கு 3 விக்கெட். அதுவும் பெரிய சாதனையன்று. மேலும் காத்திருந்தனர். 1995இல் மெல்பேர்ணில் அவரது பந்துகள் முறையற்றவை என நடுவர் அறிவித்தபோதும், அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க அவரைக் கைவிடவில்லை. ஒரு விக்கெட்டும் கொடாத அதே இங்கிலாந்து மண்ணில், 1998இல் ஓவல் மைதானத்தில் ஒரே டெஸ்டில் 16 விக்கெட்டுகளை அவர் வீழ்த்தினார். 2007 டிசம்பர் 3இல், மலையைக் குடைந்தமைத்த நமது அஸ்கிரிய மைதானத்தில் 709ஆவது விக்கெட்டை எடுத்து உலக சாதனையைத் தமதாக்கினார். 2010இற் காலியில் 800உடன் ஓய்வு பெற்றார்.

முரளிதரனின் வரலாறு எல்லாரும் அறிந்தது. ஒருவரும் அறியாத வரலாறொன்றும் எனக்குத் தெரியும். என்னோடு பயின்ற ஒருவன் இடக்கைச் சுழற்பந்து வீசுவான். கண்டியின் ஈரமண்ணில் அவன் பந்து விழுந்து திரும்பும் அழகைக் காண, ஆடுவதில் ஆர்வமில்லாத ஆசிரியர்களும் எல்லையோரம் வந்து நிற்பர். அவனைத் தலைநகரின் கழகமொன்று அழைத்துக்கொண்டது. அங்கே ஆடுகளம் வறண்டது. விக்கெட் காப்பாளனுக்கு அவன் கையசைவு விளங்கவில்லை. தலைவன் ஆட்டத்துக்கு மூன்று நான்கு ஓவர்களே கொடுத்தான். ஐந்து ஆட்டங்களின் பின் அவன் பெயர் பட்டியலில் இல்லை. ஊர் திரும்பியவன், "கை போய்விட்டது மச்சான்" என்று என்னிடம் கூறினான். பின்பு உத்தியோகம் பார்த்தான், குடும்பத்தை நன்கு நடத்தினான். பந்தை மட்டும் தொடவில்லை. அவன் கை போகவில்லை என்று நான் அன்றும் நம்பினேன், இன்றும் நம்புகின்றேன். ஐந்து ஆட்டங்கள் ஒருவனை அளக்கப் போதா.

தளர்ந்தவர் எல்லாரும் தேறுவர் என்று நான் சொல்ல வரவில்லை. உண்மையாகவே ஆடத் தெரியாதவரும் உளர். பழமொழி அவர்களுக்காகப் பிறந்தது. ஆயின் இருவரையும் பிரித்தறிய வழியுண்டு. விளைவை மட்டும் எண்ணாது, வேலையை நோக்குக. பந்து இன்னும் சுழல்கின்றதா என்று பார்க்குக. பிற களங்களில் அவன் எவ்வாறு விளங்குகின்றான் என்று ஒப்பிடுக. இவை மூன்றும் நன்றாயிருப்பின், குறை கூடத்தில் உள்ளதென்று கொள்க.

நாற்றங்காலிலிருந்து பிடுங்கி நட்ட நெல், முதற் சில நாள் வாடி மஞ்சளிக்கும். அது கண்டு அதனைப் பிடுங்கியெறியும் உழவன் இல்லை. பச்சை பிடிக்கும் வரை நீர் காத்திருப்பான். தேயிலைக் கன்றையும் பந்தலின் நிழலைச் சிறிது சிறிதாகக் குறைத்து, வெயிலுக்குப் பழக்கிய பின்னரே மலைச்சரிவில் நடுகின்றனர். இப்பொறுமையைப் பயிருக்குக் கொடுக்கும் நாம், மனிதனுக்குக் கொடுக்கத் தயங்குகின்றோம்.

நம் பழைய மாணவருட் பலர் இன்று நிர்வாகிகளாகவும் அதிபர்களாகவும் வைத்தியர்களாகவும், பிறரைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் இருக்கின்றனர். அவர்களிடம் புதிதாக வந்து முதற் பருவத்தில் திணறும் இளைஞனைக் காணுந்தோறும், 1991ஆம் ஆண்டு இங்கிலாந்திலிருந்து வெறுங்கையோடு திரும்பிய கண்டி இளைஞனை நினைத்துக்கொள்ளுமாறு வேண்டுகின்றேன். புதிய மண்ணில் திணறிக்கொண்டிருக்கும் தம்பியரும் தங்கையரும் அவரையே நினைத்து மனந்தளராதிருப்பாராக. பலரைப் பெயர்த்து நட்டு வளர்த்த நமது கல்லூரி நீடு வாழ்க!