மூன்றெழுத்து உருபு

சென்ற ஆண்டு நடந்த ஆய்வு முன்னேற்றக் கூட்டத்தில் ஒரு மூத்த பேராசிரியர் கேட்டார்: “ஒரேயொரு வேற்றுமை உருபுக்காகவா ஐந்தாண்டு?” நான் பதில் சொல்லவில்லை. தலைப்பை மாற்றிவிடலாமா என்று இரண்டு மாதம் யோசித்ததை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

ஆரியங்கோட்டில் தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் அமர்ந்திருக்கும். என் அம்மச்சி ஒரே மூச்சில் ‘அவனுக்கு’ என்பார், ‘அவனு’ என்றும் சொல்வார். மலையாளத்தில் நான்காம் வேற்றுமைக்கு இரண்டு வடிவங்கள் உண்டு. தமிழ் ‘கு’வோடு நின்றுகொள்கிறது. இரண்டையும் அறிந்தவர் எதை எப்போது எடுக்கிறார் என்பதுதான் என் ஆய்வு. நான் ஒலிப்பதிவு செய்த பதினொருவரில் நால்வர் இன்று இல்லை.

அந்த இரண்டு மாதங்களில்தான் உயிரியல் படிக்கும் நண்பர் வழியாகச் சுரேஷ் சுப்பிரமணியின் கட்டுரைகள் கைக்கு வந்தன. பூனா ஃபெர்குசன் கல்லூரி, கான்பூர் ஐஐடி, பெர்க்லி என்று படித்து, ஸ்டான்ஃபோர்டில் பால் பெர்க்கிடம் பயின்று, 1980களின் தொடக்கத்தில் சான் டியாகோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர். உயிரணுவுக்குள் புரதங்கள் தத்தம் இடத்தை எவ்வாறு அடைகின்றன என்பதே அவர் கேள்வி. அவர் குழு கையில் எடுத்தது மின்மினியின் ஒளிப்புரதமான லூசிஃபெரேசை. அம்மச்சியின் சொல்லில் ‘மின்னாமினுங்கு’. பாலூட்டியின் உயிரணுவில் வைத்தாலும் அது பெராக்சிசோம் என்னும் நுண்ணுறுப்புக்குள்ளேயே சென்று சேர்ந்தது. பூச்சிக்கும் பாலூட்டிக்கும் பொதுவான ஏதோ ஒரு முகவரி அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

550 அமினோ அமிலங்கள் கொண்ட அப்புரதத்தின் கடைசிப் பன்னிரண்டு போதும் என்று 1987இல் கண்டார்கள். 1989இல், ஸ்டீபன் கோல்டை முதலாசிரியராகக் கொண்ட கட்டுரையில், அது மூன்றாகச் சுருங்கியது: செரின், லைசின், லியூசின். சொல்லின் ஈற்றில் நிற்கும் ஒரு பின்னொட்டு! ஈற்றில்தான் நிற்க வேண்டும். அதன்பின் வேறெதையாவது சேர்த்தால் பயன் கெட்டுவிடும். இன்னொன்று என்னை நாற்காலியின் நுனிக்கே கொண்டுவந்தது. செரினின் இடத்தில் அலனினோ சிஸ்டீனோ வரலாம். லைசினின் இடத்தில் ஆர்ஜினினோ ஹிஸ்டிடினோ வரலாம். கண்ட கண்ட மாற்றம் செல்லாது. மாற்றுருபுகளின் பட்டியலை எங்கள் துறையில் நாங்கள் இப்படித்தான் எழுதுவோம்.

உவமையை அளவுக்குமேல் இழுக்கக் கூடாது என்பதும் தெரியும். உருபைத் தேர்வது பேசுபவர். புரதம் தன் ஈற்றைத் தேர்வதில்லை, அது மரபணுவில் கிடக்கிறது. ‘உயிரணுவின் மொழி’ என்று மேடையில் சொல்பவர்களைக் கண்டால் எனக்குச் சற்று எரிச்சலே வரும். ஆனால் வாசிப்பவர் ஒருவர் வேண்டும் என்பது இரண்டிலும் உண்மை. அந்த மூன்றை வாசிக்கும் ஏற்பிக்குப் பெக்ஸ்5 என்று பெயர். பெராக்சிசோம் உருவாக்கத்துக்கு வேண்டிய இத்தகைய மரபணுக்களில் ஒன்று கடுமையாகப் பழுதானாலும் ஸெல்வெகர் நோய் வருகிறது. அதோடு பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலோர் ஓராண்டைத் தாண்டுவதில்லை. மூன்று எழுத்தைத் தேடுவது சிறிய வேலையா என்று அந்தப் பெற்றோரிடம் யாரும் கேட்கமாட்டார்கள்.

பிற்காலத்தில் சுப்பிரமணியின் குழு சுரப்பின் பக்கமும் திரும்பியது. வெளியேறும் புரதங்களில் பெரும்பாலானவை முன்னொட்டுப் போன்ற ஒரு சமிக்ஞையைத் தாங்கியிருக்கும். ஏசிபி1 என்னும் சிறு புரதத்தில் அது இல்லை, ஆயினும் வெளியேறுகிறது. ஈஸ்ட்டில் அதற்குத் தன்விழுங்கல் உறைகள் உருவாவதும் பெராக்சிசோம்களின் செயல்பாடும் தேவை என்று 2010இல் காட்டினார்கள். முதலாசிரியர் ரவி மஞ்சிதாயா. பின்னர் பெங்களூரு ஜவாஹர்லால் நேரு உயர் ஆய்வு மையத்துக்கு வந்தவர். உருபு மறைந்தும் பொருள் சென்று சேர்கிறது. வேற்றுமைத்தொகை என்று பள்ளியில் படித்தோமே, எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது.

தலைப்பை மாற்றவில்லை. நேற்றிரவு அம்மச்சியின் பதிவை மீண்டும் கேட்டேன். ரப்பர் வெட்டப்போன தாத்தாவைப் பற்றி 23 நிமிடம் பேசியிருக்கிறார். ‘அவனுக்கு’ எத்தனை, ‘அவனு’ எத்தனை என்று குறித்துக்கொண்டே வந்தேன். தாத்தாவின் சாவைச் சொல்லும் இடத்தில் ஓர் உருபும் இல்லை. அதை எந்தப் பத்தியில் எழுதுவது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.