ஐம்பதாயிரத்துக்குள் பத்துப் பேர்

நாலு நம்பர் எழுதுகிறவர்களை உங்களுக்குத் தெரியும். கனவில் பாம்பு வந்தால் ஒரு நம்பர், சாலையில் மோதிக்கொண்ட காரின் பின்னால் இருந்தால் ஒரு நம்பர். எழுதிவிட்டால் வேலை முடிந்தது, யோசிக்க ஒன்றுமில்லை. நான் சொல்ல வந்ததோ யோசித்து யோசித்தே காசு கட்டுகிற ஒரு விளையாட்டைப் பற்றி. அமெரிக்காவில் அது வெகு பிரபலம்.

என் தங்கை குடும்பத்தோடு கொலராடோ மாநிலத்து டென்வர் நகரில் இருக்கிறாள். தோட்டத்துக் கிராணி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நான், ஒரு கோடைகாலத்தில் இரண்டு மாதம் அங்கே தங்கியிருந்தேன். போன மறுநாளே தங்கை என்னைத் தனியே அழைத்து, "அண்ணே, இவன் சம்பளக் காசைப் போட்டு பேஸ்பால் சூது ஆடுறான். நீங்க சொன்னா கேப்பான்" என்றாள். அவள் மகனுக்கு இருபத்தாறு வயது. பெண் பார்க்கிற நேரம். தாய்க்குக் கவலை இராதா?

"சொல்வதற்கு முன்னால் அது என்னவென்று பார்த்துவிடுகிறேன்" என்றேன்.

பள்ளிக்கூடத்தில் ரவுண்டர்ஸ் ஆடியவர்களுக்கு பேஸ்பால் எளிதில் புரியும். ஒருவர் பந்தெறிவார், ஒருவர் அடிப்பார், அடித்தவர் தளங்களைச் சுற்றி ஓடி வந்தால் ஓட்டம். பெரிய லீக்கில் 30 அணிகள். ஒவ்வோர் அணிக்கும் பருவத்துக்கு 162 ஆட்டங்கள். ஆகவே கோடையில் ஆட்டமில்லாத இரவு அபூர்வம். அன்றிரவு ஆடும் எல்லா அணிகளிலிருந்தும் ஆட்களைப் பொறுக்கி, நாமே ஒரு கற்பனை அணி சேர்க்கிறோம். அவர்கள் உண்மையில் என்ன செய்கிறார்களோ அதற்கேற்ப நமக்குப் புள்ளி.

1980-இல் டேனியல் ஓக்ரென்ட் என்ற எழுத்தாளரும் நண்பர்களும் நியூயார்க்கில் இதை ஆடத் தொடங்கினார்கள். அவர்கள் கூடிய உணவுக்கடையின் பெயரை வைத்து 'ரொட்டிசரி' என்றே அதற்குப் பெயர் வந்தது. அது பருவம் முழுவதும் நீளும் பொழுதுபோக்கு. 2009-இல் பேன்டூல், 2012-இல் டிராப்ட்கிங்ஸ் என்று நிறுவனங்கள் தோன்றி, அன்றன்றைக்கே காசு கட்டி அன்றன்றைக்கே முடிவு தெரியும்படி செய்துவிட்டன.

உதாரணத்துக்கு டிராப்ட்கிங்ஸின் விதியைச் சொல்கிறேன். பத்துப் பேர் வேண்டும்: பந்தெறிபவர் இருவர், மற்ற இடங்களுக்கு எட்டுப் பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு விலை உண்டு. கையில் 50,000 டாலர் கற்பனைப் பணம். பெயர் பெற்ற பந்தெறிபவர் ஒருவரே பத்தாயிரத்தை விழுங்கிவிடுவார். பெரிய புள்ளிகளையே அள்ளினால் மீதி இடத்துக்குக் காசு இராது.

"மாமா, நல்ல ஆட்டக்காரன் யாருன்னு எல்லாருக்கும் தெரியும். விலை தப்பா இருக்கிறவன் யாருன்னு பாக்கணும்" என்றான் பையன். எனக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது.

விலையை முன்கூட்டியே போட்டுவிடுகிறார்கள். அடிக்க இறங்கும் வரிசையோ ஆட்டத்துக்குச் சில மணி நேரம் முன்புதான் வெளியாகும். வழக்கமாகக் கடைசியில் இறங்கும் ஒருவர், முன்னவருக்குக் காயம் என்பதால் அன்று முதலாவதாக இறங்குவார். முதலில் இறங்குபவருக்கு ஒன்பதாமவரைவிட ஏறத்தாழ ஒரு முறை கூடுதலாக அடிக்க வாய்ப்புண்டு. விலை மட்டும் பழைய விலை! இப்படி ஓர் ஆளைக் கண்டுவிட்டால் பையன் நாற்காலியை விட்டே எழுந்துவிடுவான்.

இடது கைக்காரருக்கு வலது கையால் எறிபவரின் பந்து பொதுவாகத் தோது. ஆகவே அதையும் பார்க்க வேண்டும். பிறகு, ஒரே அணியில் அடுத்தடுத்து இறங்கும் நான்கைந்து பேரைச் சேர்த்து எடுப்பது. ஒருவன் பந்தை எல்லைக்கு வெளியே அனுப்பி ஹோம் ரன் அடித்தால் 10 புள்ளி, அவன் ஓடி வந்ததற்கு 2, தன்னையே வீட்டுக்குச் சேர்த்ததற்கு 2. முன்னால் தளத்தில் நின்றவனும் நம் ஆளாக இருந்தால் அவனுக்கும் 2. கிடைத்தால் மொத்தமாகக் கிடைக்கும், போனால் மொத்தமாகப் போகும்.

டென்வருக்கென்று தனிக் கதை உண்டு. அந்த ஊர் கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மைல்; நம் கேமரன் மலையிலுள்ள தானா ராத்தாவைவிட உயரம். காற்று லேசாக இருப்பதால் 1995-இல் திறந்த கூர்ஸ் பீல்ட் மைதானத்தில் பந்து கூடுதல் தூரம் பறக்கும். வளைத்து எறியும் பந்தும் சரியாக வளையாது. 2002 முதல் பந்துகளை ஈரப்பதமுள்ள அறையில் வைத்து எடுக்கிறார்கள். அப்படியும் அங்கே ஓட்டங்கள் குவிகின்றன. அங்கே ஆடுகிறவர்களின் விலையையும் ஏற்றித்தான் வைப்பார்கள்.

கடைசியாக வானம். நம் கித்தாத் தோட்டங்களில் விடியற்காலை மழை பிடித்தால் பால்வெட்டு நின்றுவிடும் அல்லவா? அதேபோல் ஆட்டம் மழையால் தள்ளிப்போனால் நம் ஆட்களுக்குப் புள்ளி பூஜ்யம். டென்வரில் கோடை மாலைகளில் இடிமழை சகஜம். பையன் ஜன்னலருகே நின்று மேகம் பார்த்தபோது எனக்கு எங்கள் பெரட்டுக் களம் நினைவுக்கு வந்தது.

இவ்வளவு அறிவு வேண்டியிருக்கிறதே, இது சூதா, திறமையா? அமெரிக்க நீதிபதிகளுக்கே ஒருமித்த கருத்தில்லை. 2022-இல் நியூயார்க் மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றம் நால்வருக்கு மூவர் என்ற கணக்கில், இது சூதல்ல என்று தீர்ப்பளித்தது.

நான் கிராணி, எனக்குத் தெரிந்தது கூட்டல் கழித்தல். இருவர் ஆளுக்கு 10 டாலர் கட்டி மோதினால், வென்றவருக்குக் கிடைப்பது வழக்கமாக 18 டாலர். மீதி நிறுவனத்துக்கு. பத்து முறை ஆடி ஐந்தில் வென்றால், கட்டியது 100, வந்தது 90. ஆறில் வென்றால்தான் கையில் 8 டாலர் நிற்கும். எதிரே இருப்பவர் யார்? 2015 பருவத்தின் முதல் பாதியை ஆராய்ந்த மெக்கின்ஸி நிறுவனம், ஆடியவர்களில் 1.3 விழுக்காட்டினரே லாபத்தில் 91 விழுக்காட்டைக் கொண்டுபோனார்கள் என்று கணக்குச் சொன்னது. கணினி வைத்து நூற்றுக்கணக்கில் அணி சேர்க்கும் ஆட்கள் அவர்கள். நம் பையன் வேலை முடிந்து வந்து சோற்றைப் பிசைந்தபடி ஓர் அணி சேர்க்கிறான்.

இன்னொன்றும் உண்டு. பத்துக்கு மூன்று முறை சரியாக அடிப்பவனே பேஸ்பாலில் பெரிய மட்டையாளன். ஓர் இரவில் அவனுக்கு நான்கைந்து வாய்ப்புதான். நாம் எவ்வளவு சரியாகப் பொறுக்கினாலும் அவன் சும்மா திரும்பி வரலாம்.

இதையெல்லாம் சொன்னேன். "மாமா, இது நம்பர் இல்ல, கணக்கு" என்றான். "கணக்கு என்றால் நோட்டில் எழுது" என்றேன். வாரத்துக்கு 20 டாலர், அதற்கு மேல் இல்லை என்று பேசிக்கொண்டோம். கட்டியது, வந்தது, எவ்வளவு நேரம் யோசித்தான் என்று மூன்று கட்டம் போட்டுக் கொடுத்தேன்.

எட்டு வாரத்தில் போட்டதில் பாதிக்கு மேல் திரும்பி வந்தது, முழுவதும் வரவில்லை. ஆனால் அவன் முகம் மாறியது மூன்றாவது கட்டத்தைப் பார்த்தபோதுதான். மூன்று மணி நேரம் யோசித்த இரவுக்கும் பத்தே நிமிடத்தில் முடித்த இரவுக்கும் வரவில் வித்தியாசமே தெரியவில்லை. நம்பர் தவறினால் அதிர்ஷ்டமில்லை என்று விட்டுவிடுவார்கள். இதில் தவறினால், நாளைக்கு இன்னும் கொஞ்சம் யோசித்தால் பிடித்துவிடலாம் என்று தோன்றும். தங்கையின் பயம் காசைப் பற்றியது. எனக்குப் பயம் அந்த மூன்று மணி நேரத்தைப் பற்றித்தான்.

அவன் விட்டுவிடவில்லை. வாரத்துக்கு இரண்டு இரவு, அதே 20 டாலர். டென்வரில் மாலை 6.40 என்றால் நமக்கு மறுநாள் காலை 8.40, நான் பசியாறும் வேளையில் பத்துப் பெயர்கள் கைப்பேசிக்கு வந்து சேரும். நோட்டு தங்கையிடம் இருக்கிறது. ஞாயிறுதோறும் கூட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறாள். போன வாரம் அவளே அவனிடம், "இன்னிக்கு முதல்ல எறங்குறவன் யாருடா, வெலை கம்மியா?" என்று கேட்டாளாம்.