வழி சொல்லும் ஆப், கேட்டுப் போகும் பாஸ்!
புது லைசென்ஸோட திருவள்ளூர்ல இருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குக் கார்ல கிளம்பிட்டீங்களா பாஸ்? கூகுள் மேப்ஸோ, நம்மூர் மேப்பிள்ஸோ, எதுவா இருந்தாலும் ஓகே. ஆனா, டூ வீலர் மோடில் இருந்தா மாத்திடுங்க. பைக் நுழையுற சந்தில் கார் திரும்பாது!

பெரியபாளையம் பக்கம் ஆரணியாறு குறுக்கே வரும். மழைக்காலத்தில் ஆந்திராவின் பிச்சாட்டூர் அணையைத் திறந்துட்டா, தரைப்பாலங்கள் தண்ணிக்குள்ள போயிடும். ஆப்புக்கு அது தெரியறதுக்கு முன்னாடியே டீக்கடை அண்ணாச்சிக்குத் தெரியும். கேளுங்க. 2024 நவம்பரில் உ.பி.யின் பரேலி பக்கம், மேப் காட்டின வழியில் போன கார் அரைகுறையா நின்ன பாலத்திலிருந்து விழுந்து மூணு பேர் இறந்துபோனாங்க.

கவரைப்பேட்டையில் கொல்கத்தா ஹைவே. கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவுல ஃபோனைத் தொடாதீங்க, குரல் போதும். சிப்காட் திருப்பத்தை விட்டுட்டீங்களா? ரிவர்ஸ் வேண்டவே வேண்டாம். அடுத்த யூ டர்ன் வரைக்கும் போங்க. அதையும் விட்டா ஆரம்பாக்கம், அப்புறம் ஆந்திராதான்!