சிலம்பொலி கேட்ட ஊரில் ஒரு மின்கருவி

இறைவன் தம்மைக் கண்ணுக்குக் காட்டியருளிய தலங்கள் பல உண்டு. காதுக்குக் காட்டியருளிய தலம் எது என்று கேட்டால், திருவாதவூர் என்றே சொல்லத் தோன்றுகிறது. பெருமான் இவ்வூருக்கு எழுந்தருளித் தம் திருவடிச் சிலம்பின் ஓசையைக் கேட்பித்த அருட்செயலை மாணிக்கவாசகப் பெருமான் கீர்த்தித் திருவகவலில் நினைவுகூர்கிறார். அவர் அவதரித்த ஊரும் இதுவே. மேலூருக்கு அருகே, திருமறைநாதரும் வேதநாயகி அம்மையும் அருள்பாலிக்கும் இந்த ஊரில் மார்கழி பிறந்தால் திருவெம்பாவை இருபது பாடல்களும் ஒலிக்காத விடியல் இல்லை.

சென்ற மார்கழியில் என் பேரன் ஒரு விருப்பத்தைச் சொன்னான். ஓதுவாமூர்த்திகள் பாடும்போது தன் மின்சாரக் கிட்டாரைப் பக்கவாத்தியமாக வாசிக்க வேண்டுமாம். கோயில் பக்கமே வராதிருந்த பிள்ளை தானாகக் கேட்கிறான். மறுத்தால் மீண்டும் கேட்கமாட்டான் என்பது எனக்குத் தெரியும். ஆயினும் பெரியவர்கள் சிலருக்கு முகம் சுளித்தது. ஓதுவார் ஐயா மட்டும், "வாசிக்கட்டும். ஆனால் சொல் கேட்க வேண்டும். சொல் மறைந்தால் நான் நிறுத்திவிடுவேன்" என்றார்.

புதுக் கருவி எதுவும் நம்மிடம் எளிதில் இடம் பெற்றதில்லை. இன்று கச்சேரிக்கு இன்றியமையாத வயலின் மேல்நாட்டிலிருந்து வந்தது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அதைக் கற்று நம் இசைக்கு ஆக்கினார். ஆர்மோனியத்தை 1940-இல் அகில இந்திய வானொலி விலக்கியே வைத்தது. கமகம் பேசாது என்பது அதன்மேல் சொல்லப்பட்ட முதன்மையான குறை. மின்சார மாண்டலினில் கமகத்தைப் பேசவைத்தார் உ. ஸ்ரீநிவாஸ். திருவாசகத்தையே 2005-இல் இளையராஜா புடாபெஸ்ட் இசைக்குழுவோடு இணைத்து வெளியிட்டார். ஆகவே கேள்வி கருவி எந்த நாட்டது என்பதன்று. அது கமகம் பேசுமா, சொல்லுக்கு வழிவிடுமா என்பதே.

ஒத்திகைக்குப் பேரன் கிட்டாரோடு ஒரு தட்டையான பெட்டியையும் கொண்டுவந்தான். காலால் மிதிக்கும் விசைகளும் சிறிய திரையும் உடையது. மல்டி எஃபெக்ட்ஸ் ப்ராசஸர் என்பது அதன் பெயர். கிட்டாரின் கம்பி அதிர்வதைக் கீழே உள்ள காந்தச் சுருள் மின்னலையாக்குகிறது. பெட்டி அந்த அலையை விநாடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து எண்களாக்கிக் கொள்கிறது. பிறகு கணக்கினாலேயே ஒலியை மாற்றுகிறது. கரகரப்பாக்கலாம், எதிரொலி சேர்க்கலாம், பெரிய மண்டபத்தில் வாசிப்பதுபோல் முழக்கம் கூட்டலாம். பிடித்த அமைப்பைச் சேமித்துவைத்து ஒரு மிதியில் திரும்ப அழைக்கலாம்.

இத்தனை வித்தை அறிந்த பெட்டி மைக் செட்டில் இணைத்தவுடன் வண்டுபோல் இரைந்தது. பேரன் திரையில் எண்களை மாற்றிக்கொண்டே இருந்தான்; இரைச்சல் போகவில்லை. அரசுப் பணியில் இருந்த நாளில் வயர்லெஸ் கருவிகளோடு பழகியவன் நான். "தம்பி, எல்லாவற்றையும் கழற்று. ஒவ்வொன்றாகச் சேர்" என்றேன். பழுது பார்ப்பதில் இதைவிட நல்ல முறை இன்றும் இல்லை.

கிட்டாரை நேரே இணைத்தோம். இரைச்சல் மெல்லியதாக இருந்தது. பெட்டியைச் சேர்த்ததும் பெருகியது. மைக் செட்டுக்கு மின்சாரம் ஒரு பலகையிலிருந்து வந்தது. பெட்டியின் அடாப்டரோ தூணருகே சீரியல் விளக்குகள் எரியும் வேறொரு பலகையில் செருகப்பட்டிருந்தது. இரண்டு இடத்து நில இணைப்புகள் ஒலிக் கம்பி வழியாக ஒரு வளையமாகிவிட்டால் நம் நாட்டு மின்சாரத்தின் 50 சுழற்சியும் அதன் மடங்குகளும் ஒலிபெருக்கியில் கேட்கும். அடாப்டரை மைக் செட் பலகைக்கே மாற்றினோம். பெரும்பகுதி அடங்கிற்று.

இவ்விடத்தில் ஒரு வார்த்தை. இரைச்சலைப் போக்க மூன்று முள் ப்ளக்கின் எர்த் முள்ளை ஒடித்துவிடும் வழக்கம் சிலரிடம் உண்டு. ஈரத்தரையில் வெறுங்காலோடு மைக்கைப் பிடிப்பவரின் உயிருக்கு அது கேடு. விழா நடத்துவோர் மைக் செட்காரரிடம் இதைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்.

மிச்சமிருந்த இரைச்சல் மேலே எரிந்த ட்யூப்லைட்டின் வேலை. பேரன் அமர்ந்த திசையைச் சற்றுத் திருப்பியதும் குறைந்தது. காந்தச் சுருள் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைப் பொறுத்தது அது.

அதோடு முடியவில்லை. பேரன் மோகனத்தில் ஓர் இழைப்பு இழைத்தான். காந்தார‍த்திலிருந்து ரிஷபத்துக்கு இறங்கும் வழியில் ஒலி சட்டென்று அறுந்தது. இரைச்சலை அடக்க அவன் பெட்டியில் ஒரு கதவை ஏற்றிவைத்திருந்தான். நாய்ஸ் கேட் என்பார்கள். குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போகும் ஒலியையெல்லாம் அது அடைத்துவிடும். அதற்கு இரைச்சலும் கமகத்தின் தேய்ந்த நுனியும் ஒன்றுதான். மூலத்திலேயே இரைச்சலைக் களைந்துவிட்டதால் கதவைத் திறந்துவிடச் சொன்னேன். மெல்லிய ஒலியைத் தாங்கிப் பிடிக்கும் கம்ப்ரஸர் என்னும் அமைப்பை மட்டும் சிறிது வைத்துக்கொண்டான். இழைப்பு இறுதிவரை நின்றது.

பிறகு முழக்கம். மண்டபம் என்று பெயரிட்ட அமைப்பையே அவன் தேர்ந்தெடுத்திருந்தான். ஓதுவார் ஐயா முதல் பாடலைத் தொடங்கி இரண்டாம் அடியில் நிறுத்தினார். "சொல் போய்விட்டது" என்றார். அவன் முகம் வாடிற்று.

அவனை மண்டபத்தின் நடுவில் நிற்கவைத்து ஒருமுறை கைதட்டச் சொன்னேன். தட்டினான். கல் அதை வாங்கி மெல்லத் திருப்பித் தந்தது. ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும்; 17 மீட்டர் தொலைவிலுள்ள சுவரைத் தொட்டு வர விநாடியில் பத்தில் ஒரு பங்கு போதும். தூணுக்குத் தூண் மோதி வரும் ஒலிகள் இன்னும் விரைவில் வந்து ஒன்றன்மேல் ஒன்று விழும். உண்மையான மண்டபத்துக்குள் பெட்டி கணக்கிட்ட மண்டபம் ஒன்றையும் வைத்தால், ஒரு சொல் முடியுமுன் அடுத்த சொல்லின்மேல் அது ஏறிக்கொள்கிறது. ஐந்தே சுரங்கள் உடைய மோகனத்தில் எதிரொலி காதுக்கு உறுத்தாது, இனிமையாகவே இருக்கும். அந்த இனிமையில்தான் சொல் மறைகிறது.

பேரன் ஒன்றும் பேசவில்லை. முழக்கத்தை அணைத்தான். எதிரொலியையும் அணைத்தான். "தாத்தா, அப்படியானால் இந்தப் பெட்டி எதற்கு?" என்று கேட்டான். "சுருதி பார்க்க" என்றார் ஓதுவார் ஐயா, சிரிக்காமல். அது கேலி அன்று. அவர் பாடுவது ஒன்றரைக் கட்டை. பெட்டியிலுள்ள ட்யூனர் ஒவ்வொரு கம்பியும் சேர்ந்ததா, எவ்வளவு விலகியது என்று திரையில் காட்டிவிடும். விடியற்காலைப் பனியில் கம்பிகள் சுருதி மாறிக்கொண்டே இருக்க, ஒலிபெருக்கியில் கேளாதபடி மிதியை அழுத்திப் பாடலுக்குப் பாடல் அவன் சரிசெய்துகொண்டான்.

அன்று இருபது பாடல்களும் நிற்காமல் நடந்தன. கண்மூடிக் கேட்டிருந்த ஓர் அம்மையார், வாசித்தது வீணையா என்று என்னிடம் விசாரித்தார். முகம் சுளித்தவர்களில் இருவர் எழுந்து போகவில்லை, ஒருவர் போய்விட்டார். அவர் கருத்துக்கும் மரியாதை உண்டு.

மறுநாள் ஓதுவார் ஐயாவுக்குத் தொண்டை கட்டியிருந்தது. "ஒரு கட்டைக்கு இறக்கிக்கொள்ளலாமா தம்பி?" என்று அவனிடமே கேட்டார். அவன் கிட்டாரின் கழுத்தில் முதல் கட்டத்தில் மாட்டியிருந்த கவ்வியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, "இறக்கியாயிற்று ஐயா, தொடங்குங்கள்" என்றான்.