வெள்ளவத்தைச் சந்தையும் விலைச் சுட்டெண்ணும்

காலி வீதியால் வந்து வெள்ளவத்தைச் சந்தைக்குள் நுழைகிறவர்களில் பலருக்கு, அங்கே தாங்கள் கேட்கும் விலை நாட்டின் பொருளாதாரக் கணக்கிலும் ஏறுகிறது என்பது தெரியாது. தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் மாதந்தோறும் வெளியிடும் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணுக்காக விலை எடுக்கப்படும் இடங்களில் வெள்ளவத்தையும் ஒன்று. புறக்கோட்டை, மருதானை, கிராண்ட்பாஸ், பொரளை, கிருலப்பனை என்று அந்தப் பட்டியல் நீளும். கொட்டாஞ்சேனைக்காரர் சாமான் வாங்கப் போவதும் பெரும்பாலும் புறக்கோட்டைக்கும் கிராண்ட்பாஸுக்கும்தான். ஆகவே கொழும்பில் தமிழர் செறிந்து வாழும் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை ஆகிய இரண்டு பகுதிகளின் அரிசியும் பருப்பும் வெண்டிக்காயும் ஒரே எண்ணுக்குள் அடங்கிவிடுகின்றன. மத்திய வங்கிக்கு வகுக்கப்பட்டிருக்கும் 5 சதவீதப் பணவீக்க இலக்கும் இந்த எண்ணை வைத்துத்தான்.

2022 செப்டம்பரில் அந்த எண் காட்டிய பணவீக்கம் 69.8 சதவீதம். உணவை மட்டும் எடுத்தால் 94.9. ஒரு வருடம் கழித்து, 2023 செப்டம்பரில், மொத்தப் பணவீக்கம் 1.3க்கு வந்தது. 2024 செப்டம்பரில் பூச்சியத்துக்குக் கீழே அரைச் சதவீதம் போனது; 2025 பெப்ரவரியில் பூச்சியத்துக்குக் கீழே 4.2. பணவீக்கம் இறங்கிய மாதங்களின் முடிவில் பத்திரிகைகள் அந்தச் செய்தியைப் போட்டன. ஒவ்வொரு முறையும் வீடுகளில் ஒரே கேள்விதான் எழுந்தது: "எங்க குறைஞ்சது?"

பத்திரிகை பொய் சொல்லவில்லை. கேட்டவர்களும் தவறாகக் கேட்கவில்லை. 2021 செப்டம்பரில் 100 ரூபாய்க்கு வாங்கிய சாமான்களை அடுத்த செப்டம்பரில் வாங்க ஏறத்தாழ 170 ரூபாய் வேண்டியிருந்தது. அதற்கடுத்த செப்டம்பரில் 172. அதற்கும் அடுத்ததில் 171. சதவீதம் 69.8இலிருந்து பூச்சியத்துக்குக் கீழே போய்விட்டது. பையிலிருந்து போகும் காசோ ஒரு ரூபாய் கூடியிருந்தது. மேலே ஏறிய விலை அங்கேயே குடியிருந்துவிட்டது. 'பணவீக்கம் குறைந்தது' என்ற செய்தியைப் போடும்போது இந்த மூன்று எண்களையும் பக்கத்தில் போட்டிருந்தால், எத்தனையோ பேர் தங்கள் சிக்கனத்தில்தான் ஏதோ பிழை என்று மனம் நொந்திருக்கமாட்டார்கள்.

அந்த ஏற்றம் எப்படி வந்தது என்பதை இரண்டு பகுதிகளும் மறக்கவில்லை. 2021 அக்டோபரில் 400 கிராம் பால்மா பைக்கற் 380 ரூபாயிலிருந்து 480 ஆனது, டிசம்பரில் 540, 2022 மார்ச்சில் 790. அந்த மார்ச்சில்தான் ரூபாயை மிதக்க விட்டார்கள். 203 ரூபாயாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. பத்து நாளில் 12.5 கிலோ லிட்ரோ காஸ் சிலிண்டர் 2,675 ரூபாயிலிருந்து 4,860 ரூபாய்க்கு ஏறியது. அந்த விலைக்கும் காஸ் கிடைக்கவில்லை என்பது அடுத்த துயரம்.

வெள்ளவத்தையின் தொடர்மாடிகளில் வாழ்ந்தவர்களுக்கு அது விசித்திரமான சிறை. நான்காம் மாடியில் விறகு மூட்ட முடியாது. மின்சார அடுப்பை நம்பலாமென்றால், மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. மின்சாரம் இல்லாவிட்டால் லிஃப்ட் ஓடாது, மொட்டைமாடித் தாங்கிக்குத் தண்ணீர் ஏறாது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய முதியவர்கள்தான் கலங்காமல் இருந்தார்கள். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் ஜாம் போத்தலுக்குள் கொஞ்ச மண்ணெண்ணெய் விட்டுத் திரி கொளுத்தியவர்கள், பெற்றோல் துளியால் உசுப்பி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்கள் அவர்கள். அப்படிப்பட்ட அறிவு ஒரு தலைமுறைக்குள் இரண்டாவது தடவையும் தேவைப்பட்டிருக்கக் கூடாது.

கொட்டாஞ்சேனையின் நெருக்கமான வரிசை வீடுகளில் பலர் மண்ணெண்ணெய் அடுப்புக்குத் திரும்பினார்கள். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாய் ஆனது. வசதி இல்லாதவரின் எரிபொருளுக்கு இருந்த மானியம் அப்படித்தான் முடிந்தது. நட்டத்தில் ஓடிய பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு அது தவிர்க்க முடியாத முடிவு என்று சொல்லப்பட்டது. இருக்கலாம். ஆனால் நான்கு மடங்கு என்பதைப் படிப்படியாக ஏற்றியிருக்கலாம். முதலில் அந்த வீடுகளுக்குக் கையில் ஏதாவது கொடுத்திருக்கலாம். 'அஸ்வெசும' நலன்புரிக் கொடுப்பனவு வந்ததே 2023இல்தான்.

ஒரே சுட்டெண்ணுக்குள் அடங்கினாலும் இரண்டு பகுதிகளும் இந்தச் சுமையை ஒரே மாதிரிச் சுமக்கவில்லை. வெள்ளவத்தையில் பல வீடுகளுக்கு லண்டனிலோ ரொறன்ரோவிலோ ஒரு பிள்ளை உண்டு. 2022 தொடக்கத்தில் 100 பவுண்ட்ஸ் அனுப்பினால் சுமார் 27,000 ரூபாய் வரும். மே மாதத்தில் அதே 100 பவுண்ட்ஸுக்குச் சுமார் 45,000. விலை ஏறிய வேகத்தில் அந்தப் பணமும் ஏறியது. வங்கி வழியாக நாட்டுக்குள் வந்த வெளிநாட்டுப் பணம் 2020இல் 7.1 பில்லியன் டொலராக இருந்து 2022இல் 3.8 பில்லியனாகச் சுருங்கியதை வைத்து, பணம் வருவதே நின்றுவிட்டது என்று நினைக்க வேண்டியதில்லை. வங்கியைச் சாராத உண்டியல் வழி திறந்தே இருந்தது. ஆனாலும் வெளிநாட்டில் ஆளில்லாத ஓய்வூதியக்காரர் வெள்ளவத்தையிலும் இருக்கிறார். பக்கத்து வீட்டின் பவுண்ட்ஸுக்கு ஏற்ப ஏறும் வாடகையை அவர் ரூபாயில் கட்ட வேண்டும்.

கொட்டாஞ்சேனையில் உழைப்பு பெரும்பாலும் ரூபாயில்தான். புறக்கோட்டையில் மூட்டை இறக்குகிற நாட்டாமிமார், துறைமுகத்தை அண்டிப் பிழைக்கிறவர்கள், செட்டியார் தெருவின் நகைப் பட்டறைத் தொழிலாளர், ஓட்டோ ஓட்டுகிறவர்கள், வீட்டில் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிற பெண்கள். இவர்களுக்கு விலையோடு சேர்ந்து ஏறும் வருமானம் இல்லை. பால் தேத்தண்ணி பிளேன்டீ ஆனது. மீன் வாங்கும் நாட்கள் குறைந்தன. காதில் கிடந்தது அடகுக் கடைக்குப் போனது.

அரசாங்கத்தின் கைச்செலவுக்கு வழி தேடியபோதும் பாரம் அதே பையில்தான் விழுந்தது. 2019 கடைசியில் வற் வரியை 15இலிருந்து 8 சதவீதமாகக் குறைத்தார்கள். கஜானா வறண்டது. பிறகு 2022இல் 12, செப்டம்பரில் 15, 2024 ஜனவரியில் 18. அதுவரை விலக்கு இருந்த சமையல் காஸுக்கும் பெற்றோலுக்கும் அந்த ஜனவரியிலிருந்து வற் வந்தது. சர்வதேச நாணய நிதியத்தின் ஏறத்தாழ 3 பில்லியன் டொலர் கடனுதவித் திட்டம் 2023 மார்ச் 20இல் அங்கீகாரம் பெற்றது; வரி வருமானத்தைக் கூட்டுவது அதன் மையமான நிபந்தனை. நாடு நிமிர வரி வேண்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் தொடர்மாடியின் சொந்தக்காரரும் அங்கே கூட்டித் துடைக்க வருகிற பெண்ணும் ஒரு சிலிண்டருக்கு ஒரே தொகை வரி கட்டுவது நியாயமான வரி முறை ஆகாது.

விலைகள் ஏறிய இந்தக் காலம் முழுவதும் சட்டப்படியான மாதாந்தக் குறைந்தபட்சச் சம்பளம் 12,500 ரூபாயிலேயே நின்றது; நிவாரணப் படி 3,500 தனி. 2022 ஏப்ரலில் அந்தப் பதினாறாயிரத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ஒரு சிலிண்டருக்கே போயிருக்கும். 2024 செப்டம்பரில்தான் 12,500 ரூபாய் 17,500 ஆனது. படிகளையும் சேர்த்து 2025 ஏப்ரலில் 27,000, 2026 ஜனவரியில் 30,000 என்று சட்டம் திருத்தப்பட்டது. சிலிண்டரும் 2024 ஜூலையில் 3,690 ரூபாய்க்கு இறங்கியிருந்தது. தாமதமானாலும் இது உண்மையான முன்னேற்றம்; அதில் சம்பள உயர்வை விலைச் சுட்டெண் காட்டாது.

மாதச் சம்பளப் பட்டியலில் பெயர் இருப்பவருக்குத்தான் அது. நாட்கூலிக்கும் சட்டம் 1,200 ரூபாய் என்று கீழெல்லை வைத்திருக்கிறது. மூட்டைக் கணக்கில் காசு வாங்குகிற நாட்டாமிக்கும், இடியப்பத் தட்டுக் கணக்கில் வாங்குகிற பெண்ணுக்கும் அந்த எல்லையைக் காட்டிக் கேட்க ஒரு முதலாளி கிடையாது. வெள்ளவத்தைச் சந்தையில் விலை எடுப்பதைப் போல, கொட்டாஞ்சேனையின் ஜம்பட்டா வீதியில் இவர்களின் ஒரு நாள் உழைப்புக்கு எத்தனை கிலோ அரிசி கிடைக்கிறது என்பதையும் மாதந்தோறும் எடுத்து, அதே அறிக்கையில் அதே திகதியில் வெளியிடத் திணைக்களத்தால் முடியும்.