விலக்கு கேட்பதற்கு முன்

அலாஸ்காவில் சாலை போகாத ஊர்கள் ஏராளம். மளிகை, தபால், நோயாளி எல்லாம் சிறு விமானத்தில்தான் போயாக வேண்டும். ஏங்கரேஜின் மெரில் ஃபீல்டில் அப்படியொரு வாடகை விமானக் கம்பெனி அலுவலகத்தில் கோப்பு வேலை பழகினேன். பைலட்டுகளின் சோதனைத் தேதிகளைக் கவனிப்பது என் பொறுப்பு.

இந்தக் கம்பெனிகளுக்கான அமெரிக்க விதித் தொகுப்பு ‘பார்ட் 135’. ஆண்டுக்கொரு முறை அறிவுத் தேர்வும் பறந்து காட்டும் சோதனையும் உண்டு. அதோடு வழித்தடத்தில் பறந்து காட்டும் ‘லைன் செக்’. மேகத்துக்குள் கருவிகளை நம்பிப் பறக்கும் கேப்டனுக்கு 6 மாதத்துக்கொரு சோதனை. உரிய மாதத்துக்கு ஒரு மாதம் முன்போ பின்போ முடித்தாலும் அந்த மாதத்தில் முடித்ததாகவே கணக்கு. புதிதாக வருபவர்கள் இந்தச் சலுகையைத்தான் முதலில் பிடித்துக்கொள்வார்கள். எனக்குக் கற்றுத்தந்த அம்மையார் விடமாட்டார். “பின்மாதம் நமக்கில்லை, மூடுபனிக்கு” என்பார்.

விதியிலிருந்து விலக்கு கேட்டு மனு எழுதுவதுதான் தொழிலின் நுட்பமான பகுதி. எந்தப் பிரிவிலிருந்து, எந்த அளவுக்கு விலக்கு, பொதுமக்களுக்கு அதனால் என்ன நன்மை, பாதுகாப்பு எப்படிக் குறையாமல் இருக்கும் என்று, இத்தகைய மனுக்களுக்கான விதித் தொகுப்பான ‘பார்ட் 11’ கேட்கிறது. தேவைப்படும் நாளுக்கு 120 நாள் முன்பே அனுப்ப வேண்டும். பழகுபவர் பேனா செலவுக் கணக்கில்தான் தொடங்கும். “உன் செலவு பொதுநலன் ஆகாது” என்று அம்மையார் அந்தப் பத்தியையே அடித்துவிடுவார். 2020இல் கொரோனாவின்போது சோதனைக் கெடுக்களை அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ. நீட்டியது, அப்போதும் நிபந்தனைகள் இல்லாமல் இல்லை.

அவரிடம் நான் கற்றதில் பெரியது, மனுவே போடாமல் இருப்பது. 6 மாதச் சோதனை தவறிப்போனாலும், ஆண்டுச் சோதனை நடப்பில் இருந்தால், தெளிந்த வானத்தில் கண்ணால் பார்த்துப் பறக்கும் வேலையை அந்த பைலட்டுக்குக் கொடுக்கலாம். ஒரே பைலட்டை வைத்து நடத்துபவருக்கு நிறுவனக் கையேடும் பயிற்சித் திட்டமும் வேண்டாம் என்று விதியே சொல்லிவிடுகிறது. சோதனை மட்டும் அவரையும் விடாது. தன்னைத் தானே சோதித்துக் கையெழுத்துப் போட முடியாதே! எஃப்.ஏ.ஏ. ஆய்வாளரோ, அங்கீகாரம் பெற்ற சோதனை பைலட்டோதான் பக்கத்தில் உட்கார வேண்டும். சரியான ஏற்பாடு என்றே நினைக்கிறேன்.

இந்த வேலைக்கு வருகிறவர்கள் பார்ட் 11ஐப் புரட்டுவதற்கு முன், பார்ட் 135இல் இந்தச் சோதனைகளைச் சொல்லும் 135.293, 135.297, 135.299 ஆகிய மூன்று பிரிவுகளையும் முழுதாகப் படித்துவிடுங்கள்.