நெருப்பில் பிறக்கும் குளிர்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், கொலராடோ ஆற்றுக்குக் கிழக்கே, குவார்ட்சைட் என்னும் பாலைவனச் சிற்றூர் உள்ளது. குளிர்காலத்தில் கனடாவிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் குடும்பங்கள், வீடாகவே அமைந்த வண்டிகளில் வந்து இங்கே தங்குகின்றன. ஊருக்கு வெளியே மின்கம்பி எட்டாத சரளை நிலத்தில் அவர்களுடைய உணவையும், நோயாளிகளின் இன்சுலினையும் காப்பது பெரும்பாலும் எரிவாயுவால் இயங்கும் குளிர்பெட்டியே.

1922-இல் ஸ்டாக்ஹோம் நகரில் பால்ட்சர் வான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ் என்னும் இரு மாணவர்கள் இதனைக் கண்டுபிடித்தனர். சிறு சுடரொன்று நீரில் கரைந்த அம்மோனியாவை ஆவியாக்குகிறது. அவ்வாவி குளிர்ந்து நீர்மமாகி, ஹைட்ரஜன் வாயுவினிடையே மீண்டும் ஆவியாகும்போது பெட்டியின் வெப்பத்தைக் கவர்ந்துகொள்கிறது. சுழலும் பொறி ஏதுமில்லை. கரைசல் தன் எடையாலேயே வழிந்து திரும்புகிறது.

ஆகவே, குளிர் குறைந்தால் வண்டி சமமாக நிற்கிறதா என்பதையே முதலில் காணவேண்டும். சாய்ந்து நின்றால் கரைசல் தேங்கும். சுடரின் அருகே குழாய் மிகையாகச் சூடேறி, துருத்தடுப்பு உப்புப் படிந்து அடைபடும். அடுத்து, சுடர் நீலமாக எரிகிறதா, எரிமுனையில் துருவோ சிலந்திவலையோ உண்டா, பின்புறக் காற்றுவழியைக் குளவிக்கூடு அடைத்திருக்கிறதா என நோக்கவேண்டும். மஞ்சள் சுடர் நச்சுவாயுவின் அறிகுறி. அம்மோனியா நெடி வீசினாலோ, பின்புறம் மஞ்சள் கறை தென்பட்டாலோ குழாய் கசிகிறது என்று பொருள். ஹைட்ரஜன் தீப்பற்றக்கூடியது, உடனே எரிவாயுவை அடைத்துவிட்டுக் குழந்தைகளுடன் வெளியேறிவிட வேண்டும்.

இதனால்தான் அங்கு வந்து இறங்குவோர் சுடரை ஏற்றுமுன், சக்கரத்தடியில் பலகை வைத்து ரசமட்டம் பார்க்கின்றனர். கண்ணுக்குப் புலனாகாத சிறு சாய்வு களஞ்சியத்தையே கெடுத்துவிடும். இல்லறத்திற்கும் இது பொருந்தாதோ?